கொப்புளித்துத் துப்பு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை எடுப்பது, அதாவது முதல்முதலாக இயேசுவின் அப்பத்தை நாக்கில் வாங்குவது, வலு லேசு. நன்மை வாங்க ஒரு மணி நேரம் முந்தி வரை பாண் சாப்பிடலாம், தேத்தண்ணி குடிக்கலாம். கோயில் வாசலில் நின்று இனிப்புச் சூப்புகிறதையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் படிப்பித்த காலத்தில் அந்தக் கதையே இல்லை. நன்மை வாங்குகிறவர் நடுச்சாமம் பன்னிரண்டு மணியிலிருந்து வெறுவயிறு. தண்ணீர் ஒரு மிடறு இறங்கினாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. தெரிந்து குடித்தாலும் சரி, தெரியாமல் குடித்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அதுதான், ஆயருக்கும் அதுதான்.

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் சின்னக் கோயிலில் அந்தச் சட்டத்துக்குக் காவல் நின்றவள் நான். பெயர் பிரகாசி. கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பேன். ஞாயிறு பூசை முடிந்ததும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். எனக்குக் கோபம் கொஞ்சம் முந்தித்தான் வரும். பிள்ளைகள் என்னைப் 'பிரம்பு ரீச்சர்' என்று சொல்லுவது எனக்குத் தெரியும். பிரம்பு என்னிடம் இருந்ததே இல்லை. நான் பார்க்கிற பார்வையே அவர்களுக்குப் போதும். எட்டு வருடம் படிப்பித்தேன், எட்டு வருடத்திலும் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் வெறுவயிறு முறித்தது கிடையாது. அதில் எனக்குப் பெருமை. சும்மா பெருமையில்லை, தலைக்கனம் என்றே சொல்லலாம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில் பதினொரு பிள்ளைகள். கடவுளின் பத்துக் கற்பனையும் செபங்களும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். பயமெல்லாம் காலையில் பல் தீட்டுகிற நேரத்தைப் பற்றித்தான். சின்னப் பிள்ளைகள் வாய்க்குள் தண்ணீரை விட்டால் பாதி உள்ளே போகும். அதனால் கோயில் கிணற்றடியில் பதினொரு பேரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு சிரட்டையில் தண்ணீர் கொடுத்துப் பழக்கினேன்.

"வாயில விடு. கொப்புளி. துப்பு. ஆ காட்டு."

ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்ப்பேன். நாலு மாதம், ஞாயிறு தவறாமல்.

அந்த வரிசையில் கடைசியாக நிற்பவள் பெற்றோனிலா. ஆளில் சின்னவள், முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. தகப்பன் துறைமுக டொக்யாட்டில் இழுவைப் படகில் வேலை. தாய் மதலேனாள் தையல்காரி; யுத்தம் முடிந்து படைக்காரர் விட்டுப்போன பரசூட் துணியில் மகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பெற்றோனிலாவின் வாய் மட்டும் ஓயாது.

"ரீச்சர், வாய்க்குள்ள எப்பவும் ஈரம் இருக்குதே. அது தண்ணியில்லையோ?"

"எச்சில் கணக்கில்லை."

"மழைக்குள்ள வாயைத் திறந்துகொண்டு நிண்டா?"

"பூட்டிக்கொண்டு நில்."

"நுளம்பு உள்ளுக்குப் போனா?"

"நுளம்பு சாப்பாடில்லை. நீ முதல் வாயைப் பொத்து."

"ஏன் ரீச்சர் சாப்பிடக்கூடாது?"

இதை மட்டும் நான் தட்டிக்கழிக்கவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். "வீட்டுக்கு ஒரு விருந்தாளி வாறார் எண்டு வை. அவர் வர முந்தி நாங்கள் சாப்பிட்டுக் கையும் கழுவிப்போட்டு இருக்கிறதோ? அவர் வருமட்டும் பாத்திருப்பமெல்லோ. அண்டைக்கு வாறவர் இயேசு. அவருக்காகத்தான் பசியோட பாத்திருக்கிறது."

பெற்றோனிலா விடவில்லை. "அவருக்கும் பசிக்குமோ?" என்று கேட்டாள். நான் மற்றப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

புதுநன்மைப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒன்றாக இருத்திச் சாப்பாடு கொடுப்பது எங்கள் கோயில் வழக்கம். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கட்டைச் சம்பல். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரீதா ஒரு பெரிய சட்டி இனிப்பு வட்டிலப்பம் அனுப்புவாள். முஸ்லிம் வீட்டு வட்டிலப்பம் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்குப் புதுநன்மை நிறைவேறாது. முதல்நாள் பின்னேரம் வேலியடியில் நின்று பரீதா கேட்டாள்.

"நாளைக்குச் சொதி ஆரு வைக்கிற?"

"வேற ஆர், நான்தான்."

"வெறுவயித்தோடயா? அப்ப உப்பு ஆரு பார்க்கிற? நான் காலையில வந்து பார்த்துத் தாறன், எனக்கென்ன."

"என்ர கைக்கு உப்புக் கணக்குத் தெரியும், பரீதா."

"நோன்பில முப்பது நாளும் நாங்க உப்புப் பார்க்காமச் சமைக்கிற. எங்களுக்கு அது பழக்கம். உங்கட கை தன்பாட்டில போயிடும் ரீச்சர்."

"நான் சொல்லாமல் என்ர கை ஒரு இடமும் போகாது" என்றேன். பரீதா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருடம் ஊருக்கே வெறுவயிறு படிப்பித்தவளுக்கு இவள் படிப்பிக்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் பதினைந்து, மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள். விடிய நாலரைக்கே நானும் சமையலில் எனக்கு உதவிக்கு வந்த றெஜினாவும் பள்ளிக்கூடக் குசினியில் அடுப்பு மூட்டிவிட்டோம். றெஜினா தேங்காய் துருவிப் பால் பிழிந்தாள், இடியப்பம் அவித்தாள். நான் சொதியைக் கூட்டி அடுப்பில் ஏற்றி, துழாவி, இறக்கி வைத்தேன். வெளிச்சம் வந்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை முக்காடு, ஆண்பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வழிய வழிய. எனக்கு மனம் நிறைந்துதான் இருந்தது.

பெற்றோனிலா கடைசியாக வந்தாள். பரசூட் சட்டை பளபளத்தது. தாய் அவளைக் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்க, அவள் என்னை நோக்கி மற்றப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ரீச்சர், நான் தண்ணி விழுங்கிப்போட்டன்."

"என்ன?"

"கொப்புளிச்சுக்கொண்டு நிண்டனான். துப்பப் போக கப்பல் ஊதினது. பயந்து விழுங்கிப்போட்டன்."

மதலேனாளுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் சொன்னனான் ரீச்சர், ஒருத்தரும் காணயில்லை, பேசாமல் இருடி எண்டு. ஒரு மிடறு. கேக்கிறாளில்லை."

"உன்னை ஒருத்தரும் கேக்கயில்லையே" என்றேன் பெற்றோனிலாவிடம். அது கேள்வியுமில்லை, ஏச்சுமில்லை, வாயில் வந்தது.

"வாற ஆளுக்குத் தெரியும்தானே, ரீச்சர்" என்றாள்.

அந்தச் சொல்லை நான் அப்போது காதில் போடவில்லை. எட்டு வருடப் பெருமை ஒரு மிடறு தண்ணீரில் போனதுதான் எனக்குத் தெரிந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கோயில் குரு சந்தியாப்பிள்ளை சுவாமியிடம் போனேன். சுவாமி பூசை உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் பெருமூச்சு விட்டார்.

"சட்டத்தை நான் எழுதயில்லை, பிள்ளை. எழுதியிருந்தா உனக்காக ஒரு மிடறு விட்டிருப்பன். நாளைக்குக் காலமை ஆறு மணிப் பூசைக்கு வா. முதல் ஆளா உனக்குத்தான் நன்மை."

"தனியவோ, சுவாமி?"

சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு நன்மை ஒரு நாள் பிந்துவது பெரிதில்லை. பத்துப் பேரோடு சேர்ந்து நாலு மாதம் காத்திருந்துவிட்டு, தான் மட்டும் தனிய என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அது எனக்கு விளங்கியது. விளங்கியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவளைக் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் கொண்டுபோய் இருத்தினேன்.

"இதில இரு. அழாதை. கொப்புளிச்சுத் துப்பு, கொப்புளிச்சுத் துப்பு எண்டு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினனான். எத்தனை தரம் சொன்னனான்?"

"கன தரம்" என்றாள். முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை என்றில்லை, வந்தது. கோபம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

மிச்சப் பத்துப் பேரையும் வரிசையாக்க முற்றத்துக்கு வந்தபோது குசினி யன்னலால் றெஜினா கூப்பிட்டாள்.

"பிரகாசியக்கா, சொதிக்கு உப்புப் பார்த்ததோ? மூடி வைக்கட்டோ?"

"ஓம், பார்த்தனான். கொஞ்சம் காணாமல் கிடந்தது, போட்டிட்டன். நீ மூடு."

நாலு அடி நடந்தேன். ஐந்தாவது அடி வைக்க ஏலாமல் நின்றுவிட்டேன்.

பார்த்திருந்தேன். அடுப்படியில், பதினைந்து வருடமாகச் செய்கிற மாதிரி, அகப்பையால் கோலி உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, நாக்கில் வைத்து, காணாது என்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டு, திரும்பவும் ஒரு தரம் பார்த்தேன். இரண்டு தரம். கை தன்பாட்டில் போய்விட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கியும் ஆகிவிட்டது.

உள்ளங்கையைப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் ரேகையில் ஒட்டியிருந்தது.

கோயில் மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டிரண்டாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள்.

அந்தப் பூசையில் நான் ஒரு செபமும் சொல்லவில்லை. மனதுக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். நாலு சொட்டுத்தானே. இரண்டு தரம் என்றால் எட்டு. ஆர் கண்டது? றெஜினா கேட்டாள், ஆனால் அவளுக்கே அது பொறிதட்டவில்லை. எங்கள் கோயிலில் புதுநன்மையன்று ரீச்சர்தான் பிள்ளைகளைப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குக் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் வாங்கி முடிய, அதே வரிசையில் கடைசியாக முழங்காலில் இருந்து தானும் வாங்குவார். ரீச்சர் நன்மை எடுக்காவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பிரகாசி என்ன பாவம் செய்தாளோ என்று இரவைக்குள் கிண்ணியா வரைக்கும் கதை போய்விடும். போகட்டும், இன்றைக்கு வாங்குவோம், நாளைக்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்று கூட நினைத்தேன். அப்படி நினைத்தது நான்தான். ஒரு மிடறு தண்ணீருக்கு ஏழு வயதுப் பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்திய அதே நான்.

நன்மை நேரத்து மணி அடித்தது. பத்துப் பேரையும் கிராதிக்குக் கூட்டிக்கொண்டு போய் முழங்காலில் இருத்தினேன். எனக்கென்று மூலையில் ஒரு இடம் விட்டிருந்தார்கள். சுவாமி படியிறங்கி வந்தார். முதல் பிள்ளை கண்ணை மூடி நாக்கை நீட்டியது.

வாற ஆளுக்குத் தெரியும்தானே.

சரியாக அந்த நேரத்தில்தான் அது என் காதில் விழுந்தது. நாலு மாதம் நான் கிணற்றடியில் சட்டம் படிப்பித்தேன். விருந்தாளி கதையையும் சொன்னேன், ஆனால் சொன்ன எனக்கு அது கதை. அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியிருந்தது. வருகிற ஒருவர் உண்மையாகவே வருகிறார் என்று நம்பினபடியால்தான் தாய் தடுத்தும் கேளாமல் வந்து சொன்னது. எனக்கு வெட்கமாய்ப் போனது. சின்ன வெட்கமில்லை, நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போன்ற வெட்கம்.

நான் திரும்பினேன். பீடத்திலிருந்து கடைசி வாங்கு வரைக்கும் நடுவழியால் நடந்தேன். அவ்வளவு சின்னக் கோயில் அன்றைக்கு அவ்வளவு நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. ஒருவரையும் பார்க்கவில்லை. பெற்றோனிலாவுக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். காதுக்குள் கேட்டாள்.

"ஏன் ரீச்சர் வந்தனீங்கள்? நீங்களும் விழுங்கிப்போட்டீங்களோ?"

"ஓம்."

"தண்ணியோ?"

"சொதி. உப்புப் பார்த்தனான்."

"கப்பல் ஊதினதோ?"

"இல்லை, பிள்ளை. எனக்கு அப்பிடி ஒரு சாட்டும் இல்லை."

அவள் யோசித்தாள். பிறகு என்னைப் போலவே முகத்தை இறுக்கிக்கொண்டு, "கொப்புளிச்சுத் துப்பியிருக்கலாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். "பிள்ளை, உன்னை ஏசினது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். எட்டு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறு கணக்கு இருந்தது.

"அப்ப நாளைக்கு நான் தனிய இல்லை" என்று சொல்லி, மஞ்சள் ஒட்டிய என் கைக்குள் தன் கையை வைத்தாள்.

மண்டபத்தில் சாப்பாடு தொடங்கியது. பெற்றோனிலா இடியப்பத்துக்கு முன்னால் முதல் ஆளாக இருந்தாள். அவள் பார்த்திருந்தது முடிந்துவிட்டது, இனி நாளைக்குத்தான். சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்ப்பதும் தங்களுக்குள் குசுகுசுப்பதுமாக இருந்தார்கள். றெஜினாவால் பொறுக்க முடியவில்லை. இடியப்பத் தட்டோடு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"பிரகாசியக்கா, ஏன் நன்மை எடுக்கயில்லை? சுகமில்லையோ?"

நான் வாயைத் திறக்க முந்தி, முன்பல் இல்லாத வாய் திறந்துவிட்டது.

"ரீச்சர் சொதிக்கு உப்புப் பார்த்தவ" என்றாள் பெற்றோனிலா. "ரெண்டு தரமோ ரீச்சர்?"

"ரெண்டு தரம்" என்றேன். அதற்குமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

றெஜினா கையை வாயில் வைத்து, "ஐயோ, நான்தானே கேட்டனான்" என்றாள். சுவாமி ஒரு கரண்டி சொதி எடுத்துக் குடித்துப் பார்த்தார்.

"உப்பு அளவாத்தான் இருக்குது" என்றார். "ரீச்சர் வீணாய் விழுங்கயில்லை."

மண்டபமே சிரித்தது. பத்துப் பிள்ளைகளும், விளங்கியதோ இல்லையோ, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பிரம்பு ரீச்சரைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு வேறு எப்போது கிடைக்கப்போகிறது? நானும் சிரித்தேன். மதலேனாள் மட்டும் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பரீதா வட்டிலப்பச் சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"கையைக் காட்டுங்க ரீச்சர்" என்றாள். காட்டினேன். உள்ளங்கையில் செல்லமாக ஒரு அடி போட்டாள். "இதுக்குத்தான் நான் வாறன் எண்டன். இனி வருசா வருசம் உப்பு நான்தான் பார்க்கிற. சரியா?"

"சரி" என்றேன். அன்றிலிருந்து அவள்தான் பார்த்தாள்.

அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்குக் கோயிலுக்குப் போனேன். பெற்றோனிலாவும் நானும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போனால், கிணற்றடியில் பதினொரு பேர் நின்றார்கள். பத்துப் பேர் பள்ளிக்கூடச் சட்டையில், ஒருத்தி பரசூட் சட்டையில்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்? நேற்று எடுத்தாச்சே" என்றேன்.

"பெற்றோனிலா முதல் போவா. நாங்கள் பின்னால" என்றான் ஒருவன்.

"வெறுவயித்தோடயோ?"

"ஓம்" என்றார்கள் பத்துப் பேரும். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்காமல் வந்திருந்தார்கள். வழக்கமாக நான் அந்த நேரத்தில் ஏதாவது ஏசியிருப்பேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

பெற்றோனிலா சிரட்டையில் தண்ணீர் மொண்டு கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"வாயில விடுங்கோ."

"நான் வீட்டில பல் தீட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"வாயில விடுங்கோ, ரீச்சர்."

விட்டேன்.

"கொப்புளியுங்கோ."

கொப்புளித்தேன். அப்போது துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் ஊதியது, நெஞ்சு அதிர. பதினொரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்தார்கள். நான் கன்னம் இரண்டும் புடைக்க அசையாமல் நின்றேன். ஊதி முடிந்தது.

"துப்புங்கோ."

துப்பினேன்.

"ஆ காட்டுங்கோ."

குனிந்து காட்டினேன். பெற்றோனிலா குதிக்காலை உயர்த்தி, என் நாடியைப் பிடித்து, வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் கீழும் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"சரி" என்றாள். "வாங்கோ, அவர் பாத்துக்கொண்டிருப்பார்."